ஐந்து கிகாஹெர்ட்ஸ்

பீமாராவின் மூச்சு நின்றபோது அறையில் இருந்தவர்கள்: மகள் அறிவுமதி, மனைவி கலைவாணி, கலைவாணியின் தம்பி ஆதவன், அப்புறம் மேஜைமேல் இரைந்துகொண்டிருந்த கணினி. மூன்று பேரும் அழுதார்கள். கணினி தன் வேலையைப் பார்த்தது. அழுகைக்கு நடுவிலும் அறிவுமதியின் ஒரு கண் திரையில் இருந்தது.

வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் தொழில். திண்டிவனம் ரோட்டில் கணினிக் கடை வைத்திருக்கும் ஆதவன், புதுசு வாங்கச் சொல்லி வருஷக்கணக்கில் நச்சரித்தான். பீமாராவ் மசியவில்லை. மதர்போர்டு செட்டிங்கில் நுழைந்து பழைய பிராசஸரையே வேகம் கூட்டினார். ஒரு படி வேகம், அதற்கு ஒரு துளி வோல்டேஜ், கூடவே சூடு. சூடு மீறினால் கணினி நின்றுவிடும்; மறுபடி முதலிலிருந்து. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறை ராத்திரியும் அனல் கக்கும் சித்திரையில் நாலரை கிகாஹெர்ட்ஸைத் தாண்ட முடியவில்லை.

"மார்கழி வரட்டும், அஞ்சு தொடுறேன்."

"ஒரு நாள் முழுக்க அஞ்சுல நின்னுச்சுன்னா என் மீசைய எடுத்துர்றேன் மச்சான்," என்றான் ஆதவன். செஞ்சி பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்த மீசை அது.

நோயில் படுத்தவர் கார்த்திகையைத் தாண்டமாட்டார் என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தாண்டினார். சாவுக்கு முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல, அறிவுமதி கீபோர்டைத் தட்டினாள்.

"மல்டிப்ளையர் அம்பது வை, அப்பதான் அஞ்சு வரும். வோல்டேஜ் இன்னும் ஒரு பொட்டு. போதும், போதும். சேவ் பண்ணு."

பிராசஸரை ஒரு நாள் முழுக்கக் கசக்கிப் பிழியும் சோதனையை ஓடவிட்டாள்.

"உம் மாமன் மீசை எடுக்கறப்ப போட்டோ புடிச்சி வை," என்று சிரித்து, இருமி, தூங்கினார். விடிந்ததும் காப்பி கேட்டார். குடிக்கவில்லை.

குளிர்பெட்டி வர மதியமாகிவிட்டது.

"இன்னிக்கி அமாவாசை இல்லியா, மேல்மலையனூர் கோயிலுக்குப் போற பஸ்ஸுங்க நடுவுல மாட்டிக்கினேன்," என்றபடி வண்டிக்காரர் பெட்டியைச் செருகக் கணினியின் பிளக்கில் கை வைத்தார்.

அறிவுமதி குறுக்கே நின்றாள். "அண்ணே, அதத் தொடாதீங்க."

"இன்னாம்மா, நைனாவவிட இந்தப் பொட்டி முக்கியமா?"

கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அறிவுமதி அம்மாவைப் பார்த்தாள். அந்தக் கணினியைச் சக்களத்தி என்றே கூப்பிடுபவள் கலைவாணி. மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:

"கிரைண்டர் பாயிண்ட்லருந்து ஒயர் இழு. அத நிறுத்துனா அந்தாளு எழுந்து உக்காந்துக்குவாரு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும்.

குளிர்பெட்டிக்கு உள்ளேதான் குளிர். அடியிலிருந்து சூடு நேராகக் கணினிமேல் ஊதியது. திரையில் தொண்ணூறு டிகிரி, தொண்ணூற்றுமூன்று, தொண்ணூற்றேழு. நூறு வந்தால் நின்றுவிடும். அறிவுமதி பெட்டியைத் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை.

ஆதவனும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சும்மா இருந்தால் போதும், மீசை தப்பிவிடும். அவன் வேட்டியை மடித்துக் கட்டினான்.

"ஆளுக்கு ஒரு பக்கம் புடிங்கப்பா. மச்சான கொஞ்சம் திருப்பணும்."

"ஏம்பா, தல தெக்கால தான இருக்குது?"

"தல சரியாத்தான் இருக்குது. நீ புடி."

தொண்ணூற்றிரண்டு. எண்பத்தொன்பது.

பொழுது சாயும்போது பீமாராவைக் குளிப்பாட்ட வாசலுக்குத் தூக்கினார்கள். சலூன் பச்சமுத்து கத்தியோடு வந்து முகம் வழித்தான். உள்ளே சோதனை முடிந்தது. பிழை இல்லை என்றது திரை. அறிவுமதி வாசலுக்கு வந்து மாமனைப் பார்த்தாள்.

ஆதவன் பச்சமுத்துவின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"அப்பிடியே எனக்கும் எடு."

"எதுக்கு? கொள்ளி நீயா வைக்கிற?"

"கொள்ளி அவ வைப்பா. நான் மீசை மட்டும்."

மீசை போன முகத்தைப் பார்த்ததும் கலைவாணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுத் தைலம்மாள் கட்டிக்கொண்டாள்.

"பல்லி மாரி இருக்கான் பாருக்கா," என்றாள் கலைவாணி. தைலம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளும் குலுங்க ஆரம்பித்தாள்.

அறிவுமதி போட்டோ எடுத்தாள்.

மேளம் அதிரத் தொடங்கியது. சட்டியில் நெருப்பு தயாராக இருந்தது. அதை வாங்குவதற்கு முன் அவள் ஸ்டுடியோவுக்குள் போய்க் கணினிமேல் கை வைத்தாள். இன்னும் சுட்டது. சோதனை முடிந்த கையோடு அணைக்கக் கூடாது, ஃபேன் ஓடி ஆறட்டும் என்பது பீமாராவ் வைத்த சட்டம். ஓடவிட்டாள். வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினாள்.