முப்பத்தேழாம் வீடு

எங்கள் மையத்தின் முழுப் பெயர் குடிபெயர்வு மற்றும் குடியமர்வு ஆய்வு மையம். பெயர்ப்பலகைதான் பெரிது. உள்ளே வந்தால் கல்லூரியின் பழைய வேதியியல் கூடத்துக்குப் பின்னால் மூன்று அறைகள், இரண்டு மின்விசிறிகள். நான், இளவரசன், அதன் இயக்குநர். இயக்குநர் என்றால் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறவர் என்று வெளியே நினைக்கிறார்கள். ஆண்டறிக்கை எழுதுவது, பிரிண்டருக்கு ஆள் கூப்பிடுவது, நிதி தருகிறவர்கள் ஒரே கேள்வியை நான்கு விதமாகக் கேட்டால் நான்கு விதமாகப் பதில் சொல்வது, இதுதான் என் பிழைப்பு.

இத்தனைக்கும் நடுவில் எனக்கென்று ஒரு பெருமை இருந்தது. 2005இல் திருவெறும்பூரைத் தாண்டி ஒரு காலனியில் எண்பத்துநான்கு வீடுகள் ஏறி இறங்கி ஒரு புத்தகம் எழுதினேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து, பக்கத்து நூல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களைப் பற்றியது. அந்தப் புத்தகத்தால்தான் இந்த நாற்காலி கிடைத்தது. இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகத் தயாராக மேசைமேல் இருந்தது. அதைக் காட்டித்தான் மையத்துக்கு அடுத்த ஐந்தாண்டு நிதி கேட்டிருந்தோம்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஓர் அம்மாள் பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து நின்றார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். பெயர் பவுனம்மாள் என்றார். ஃபைலைத் திறந்து ஒரு ஜெராக்ஸ் தாளை என் முன்னால் வைத்தார்.

"சார், இது நீங்க எழுதினதுதானே?"

என் புத்தகத்தின் ஏழாம் அட்டவணை. எண்பத்துநான்கில் அறுபத்தொரு குடும்பங்கள் 'தற்காலிகக் குடியினர்' என்று நான் வகை பிரித்திருந்த பக்கம். யார் பெயரையும் போடவில்லை, வீட்டு எண் மட்டும்தான். அதில் 37 என்ற எண்ணைச் சிவப்பு மையில் யாரோ சுழித்திருந்தார்கள்.

"முப்பத்தேழு எங்க வீடு. ஆலைய மூடிட்டாங்கல்ல, இப்ப இடமெல்லாம் தங்களோடதுன்னு கேக்குறாங்க. நாங்க பட்டாவுக்கு எழுதிப் போட்டிருக்கோம். அவங்க வக்கீல் இதைக் கொண்டுபோய்த் தாலுகா ஆபீஸ்ல குடுத்துட்டாரு. இவங்க தங்கிட்டுப் போக வந்தவங்கதான், புரொபசரே எழுதியிருக்காருன்னு. எங்க வீட்டை வச்சுத்தான் மத்த அறுபது வீட்டுக்கும் முடிவு பண்ணுவாங்களாம். வியாழக்கிழமை ஆபீஸ்லருந்து பாக்க வராங்க."

எனக்குக் கோபம் வந்தது. வக்கீல்மேல் வந்ததா, அந்த அம்மாள்மேல் வந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வகைப்பாடு என்பது பல காரணிகளைக் கொண்டு செய்வது என்று வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். நீங்க சொந்த ஊர் எதுன்னு கேட்டீங்க. இலங்கையில அட்டன்னு சொன்னேன். பொறந்தது அங்கதான? டக்குனு ஒரு டிக் போட்டுட்டீங்க."

பக்கத்து மேசையில் கேத்தரின் தொண்டையைச் செருமினாள். மையத்தின் துணைப் பேராசிரியை. கணக்கில் புலி, வாயும் கொஞ்சம் நீளம்.

"சாருக்குச் சொந்த ஊர் எதுங்க?" என்று பவுனம்மாள் கேட்டார்.

"மருங்காபுரி பக்கம்."

"இப்ப அங்கருந்தா வந்து போறீங்க?"

"இல்லம்மா. ஸ்ரீரங்கத்துல வீடு. இருபத்திரண்டு வருஷமா அங்கதான்."

"அப்படியா? எப்ப காலி பண்ணிட்டு ஊருக்குப் போறீங்க?"

கிண்டலாகவே கேட்கவில்லை. ரேஷன் கடை எப்போது திறக்கும் என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன்.

"அன்னிக்கு எங்க படியை வேற கெடுத்துட்டுப் போனீங்க. ஞாபகம் இருக்கா?" எனக்கு இல்லை. "சரி விடுங்க. வியாழக்கிழமை வந்து, எழுதினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

"பார்க்கிறேன்" என்றேன். எங்கள் கல்லூரியில் முடியாது என்பதை அப்படித்தான் சொல்வோம். அது அவருக்கும் புரிந்துவிட்டது. ஃபைலை மூடிக்கொண்டு, போயிட்டு வரேன் என்று கிளம்பினார்.

அவர் போனதும் கேத்தரின் பழைய படிவக் கட்டைத் தூசு தட்டி எடுத்துவந்தாள். "வீட்டுக்கு என்ன செலவு பண்ணீங்க, பிள்ளைங்க எங்க படிக்குது, எல்லாம் கேட்டிருக்கீங்க சார். பதிலும் இருக்கு. வகை பிரிக்கும்போதுதான் சொந்த ஊர் கேள்வியை மட்டும் எடுத்திருக்கீங்க."

"அப்போ அதுதான் தெளிவா இருந்துச்சு."

"ஆமா. அறுபத்தொண்ணுன்னு பெரிய நம்பரா வேற வந்துச்சு."

எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் உண்மை. ஏழாம் அட்டவணையை எடுத்தால் ஐந்தாம் அத்தியாயம் விழும். ஐந்தாம் அத்தியாயம் விழுந்தால் புத்தகத்தில் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான். இரண்டாம் பதிப்பு இல்லை என்றால் நிதி சந்தேகம், நிதி இல்லை என்றால் கேத்தரின் சம்பளமே சந்தேகம். எனக்குப் பயமாக இருந்தது. என் பெயர் கெட்டுப்போகும் என்ற பயம்தான் அதில் முக்கால்வாசி.

சாயங்காலம் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதும் அந்தப் படி என்ன படி என்று மண்டையைக் குடைந்துகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பழைய நாட்குறிப்பை இறக்கினேன். களப்பணி நாட்களில் அன்றன்றைக்குக் கிறுக்கி வைத்தது. 12-6-2005, ஞாயிறு:

'37ஆம் வீடு. வாசலில் புதுப் படி பூசிக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் கால் வழுக்கி ஈரச் சிமெண்டில் கையை ஊன்றிவிட்டேன். புது பேண்ட் பாழ். நாள் முழுக்க எரிச்சல்.'

அவ்வளவுதான். மூன்று வரி பேண்ட்டுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்துத் தங்கள் வாசலுக்குச் சிமெண்டுப் படி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படியிலேயே வழுக்கி விழுந்த நான், கையைக் கழுவிவிட்டு, இவர்கள் தங்கிப் போக வந்தவர்கள் என்று டிக் அடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

மறுநாள் அச்சகத்துக்கு போன் செய்து இரண்டாம் பதிப்பு இப்போது வராது என்று சொன்னேன். ஏழாம் அட்டவணை தவறான அடிப்படையில் செய்யப்பட்டது, மையம் அதைத் திரும்பப் பெறுகிறது என்று மையத்தின் தாளிலேயே கடிதம் தயார் செய்தேன். கேத்தரின் படித்துப் பார்த்தாள். "நிதிக்காரங்களுக்கு ஒரு காப்பி அனுப்பணும் சார்" என்றாள். அனுப்பச் சொன்னேன்.

வியாழக்கிழமை காலனிக்குப் போனபோது, வருவாய் ஆய்வாளர் தங்கையன் முப்பத்தேழாம் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆலைக்காரர்களின் வக்கீலும் இருந்தார். கையில் என் புத்தகம். காலனியே கூடியிருந்தது. பவுனம்மாள் என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துவரச் சொன்னார். வருவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கடிதத்தைத் தங்கையனிடம் கொடுத்தேன்.

"அப்ப உங்க புத்தகம் பொய்யா சார்?" என்றார் வக்கீல்.

"பொய் இல்லைங்க, தப்பு. தப்பைச் செஞ்சது நான்தான்." நாட்குறிப்பைத் திறந்து, பேண்ட் உட்பட மூன்று வரியையும் சத்தமாகப் படித்தேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

"நோட்டுல இன்னிக்குக்கூட எழுதலாமே" என்றார் வக்கீல்.

பவுனம்மாள் குனிந்து வாசல் மிதியடியை எடுத்தார். படியில் ஓரமாக ஒரு கை. ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தது. அதற்குக் கீழே ஆணியால் கீறிய தேதி: 12-6-2005.

"ஏம்மா, இதைப் பூசி விடலையா?" என்று தங்கையன் கேட்டார். "மறுபடி பூச அன்னிக்குச் சிமெண்டு மிச்சம் இல்ல. அப்புறம் பழகிப்போச்சு" என்றார் பவுனம்மாள்.

தங்கையன் என்னைப் பார்த்தார். முழங்கால் வலியோடு குந்தி உட்கார்ந்து கையை அதில் வைத்தேன். விரல்கள் இப்போது தடித்திருந்தன, இருந்தாலும் பொருந்தியது. சிமெண்டு சில்லென்று இருந்தது. எழுந்திருக்கவே தோன்றவில்லை.

தங்கையன் போனில் நான்கு படம் எடுத்தார். "பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாலயே படி போட்டுக் குடியிருக்காங்கன்னு நான் பாத்ததை எழுதிடுறேன்" என்றார். வக்கீல் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். பின்னால் யாரோ ஒரு பெண் அழத் தொடங்கினாள்.

பிறகு தங்கையன் சாட்சிப் படிவத்தை எடுத்தார். பெயர் கேட்டார், சொன்னேன். தொழில் கேட்டார், சொன்னேன்.

"சொந்த ஊர்?"

"மருங்காபுரி" என்றது என் வாய்.

பவுனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்குங்க சார். அவரு தங்கிட்டுப் போக வந்தவரு."