காத்துப் படாத அறை

அந்த அறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக்கூட வெறுமை இல்லை. தரையிலிருந்து கூரைவரை பச்சை இலைகள், கொடியோடு கொடி பின்னி, எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஏறிப் போயின. முதலில் பார்த்தபோது அழகென்றுதான் விதுரன் நினைத்தான். படுத்திருந்து பார்க்கப் பார்க்க, வரைந்தவன் மூச்சுவிட இடம் வைக்காமல் வரைந்திருக்கிறான் என்று தோன்றியது.

பலெர்மோ நகரத்துக் கால்சாப் பகுதியில் அந்தப் பழைய மாளிகையின் காவலும் கூட்டலும் துடைப்பும் அவனுடைய வேலை. வீட்டுக்காரி சிஞ்ஞோரா ஒர்த்தென்சியா ஓய்வுபெற்ற பேராசிரியை. அந்தப் பச்சை அறையில் ஒட்டியிருந்த சுவர்க்காகிதத்தை வரைந்த ஆங்கிலேயனைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுவதுதான் இப்போது அவளுடைய வாழ்க்கை. அவன் விக்டோரியா ராணி காலத்தவன். தகப்பன் செம்புச் சுரங்கப் பங்குகளில் சம்பாதித்து வைத்ததில் வளர்ந்து, கவிதை எழுதி, மரக்கட்டையில் செதுக்கிய அச்சால் காகிதத்தில் பூவும் இலையும் பதித்து விற்றவன். நடுவயதில் திடீரென்று தெருமுனைகளில் ஏறி நின்று தொழிலாளருக்குப் பொதுவுடைமை பேசி, நீதிமன்றம் வரை போனவன். தொழிலாளி வீட்டிலும் அழகு இருக்கவேண்டும் என்றவனுடைய காகிதத்தைப் பணக்காரர்தான் வாங்கினார்கள் என்று சொல்லிச் சிஞ்ஞோரா சிரிப்பாள்.

விதுரனின் மனைவி கேசிகா கர்ப்பமாக இருந்தபோது, வுச்சீரியாச் சந்தைப் பக்கம் இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டில் நெருக்குப்பட்டார்கள். சிஞ்ஞோரா அதைக் கேள்விப்பட்டுப் பச்சை அறையைத் திறந்துவிட்டாள். வாடகை வேண்டாம், உழைக்கிறவன்தான் இதற்குள் இருக்கவேண்டும் என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள்.

மாரியில் பிள்ளை பிறந்தது. பெண். சிஞ்ஞோரா தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, தொரீனோ நகரில் பேசுவதற்குப் பெட்டியோடு புறப்பட்டாள். வாசலில் வைத்துச் சொன்னாள்: "விதுரன், சுவரை நனைக்காதே. அந்த அறை பிரெந்தெரே ஆரியா, மறக்காதே."

அவள் பாஷையில் பிரெந்தெரே ஃப்ரெத்தோ என்றால் குளிர் பிடிப்பது, ஆரியா என்றால் காற்று என்று அவனுக்குத் தெரியும். அப்படியென்றால் இது காற்றுப் பிடிப்பது. பலெர்மோ ஆட்களும் காற்றுக்குப் பயந்தவர்கள். கழுத்துப் பிடித்தாலும் வயிற்றால் போனாலும் ஆரியா அடித்துவிட்டது என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்பது இவர்களுக்கும் தெரிந்திருக்கிறதே என்று நினைத்து, அன்றைக்கே யன்னல் இடுக்குகளை அகன்ற பிளாஸ்ரிக் நாடாவால் ஒட்டினான்.

கேசிகாவின் பெரியம்மா அம்பிகை, கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்பவள், பத்தியம் பார்க்க வந்தாள். சுவரைச் சுற்றிப் பார்த்தாள்.

"உது என்னடா தம்பி, சுவர் முழுக்கக் கருவேப்பிலை? கறிக்குப் பிடுங்கலாமோ?"

கேசிகா சிரித்தாள். அந்த அறையில் அவள் சிரித்தது அவ்வளவுதான்.

அம்பிகை பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரை கதவும் திறக்க விடவில்லை. அடுப்பில் இலை குழை போட்டு அவித்த வேதுத் தண்ணீரை அறைக்குள்ளேயே கொண்டுவந்து ஆவி பறக்க ஊற்றிக் குளிப்பாட்டினாள். பிள்ளையின் துணிகள் கட்டிலுக்கு மேலே கொடியில் காய்ந்தன. காயவில்லை, தொங்கின. பத்தியச் சரக்குக் கறிக்கு உள்ளிப் பூண்டு பிடி பிடியாக உரித்துப் போட்டாள். சுவரில் ஆவி படிந்து இலைகள் வியர்த்தன. மூலையில் காகிதம் உப்பி, கரும்புள்ளி விழுந்தது. காலையில் தொட்டில் விரிப்பில் பச்சைத் தூள் கிடக்கும். கேசிகா அதைக் கையால் தட்டிவிடுவாள்.

முதலில் அவளுக்குத் தலையிடி வந்தது. பிறகு உள்ளங்கைத் தோல் உரிந்தது. பிள்ளை குடித்த பாலைக் கக்கியது. அம்பிகை நாவூறென்று மிளகாய் சுற்றி எரித்தாள். பிள்ளை கக்குவது நிற்கவில்லை. அழுகை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. குணமாகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கடையில் ஆள் குறைந்ததால் அம்பிகை சில நாள் வரவில்லை. கேசிகா சமைக்க எழும்பவில்லை. பானைகள் கழுவிக் கவிழ்த்தபடியே கிடந்தன. ஒரு மத்தியானம் வெளிக்கூடத்தைக் கழுவிவிட்டு விதுரன் உள்ளே வந்தான். உள்ளி மணந்தது. அடுப்படியில் மணம் இல்லை. அறைக்குள்தான். சுவருக்குக் கிட்டப் போனான். அங்கே இன்னும் கூடியது.

"இஞ்சேருங்கோ," என்றாள் கேசிகா, கண் திறக்காமல். "பிள்ளை ஏன் அழேல்லை எண்டு பாருங்கோ."

தூக்கினான். கை கால் துணி போலத் தொங்கின. மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை உள்ளே கொண்டு போனார்கள். கேசிகாவுக்கும் ஊசி ஏற்றினார்கள். பெண் டாக்டர் வீட்டைப் பற்றிக் கேட்டாள். எரிவாயு கசிந்ததா, பூச்சி மருந்து அடித்ததா, புதிதாகப் பெயின்ற் அடித்ததா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

செய்தி கேட்டு விமானத்தால் வந்திறங்கிய சிஞ்ஞோரா பெட்டியை இழுத்தபடியே ஆஸ்பத்திரி நடைகூடத்துக்கு வந்தாள். முதலில் கேட்டது, யன்னல் திறந்துதானே இருந்தது என்று. பூட்டி ஒட்டினேன், காற்றுப் பிடிக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றான். அவள் சுவரோடு சாய்ந்தாள். பிரெந்தெரே ஆரியா என்றால் அறை காற்று வாங்கவேண்டும், யன்னலைத் திறந்து வை என்றுதான் அர்த்தம். அந்தக் காலத்துப் பச்சையில் ஆர்செனிக் கலந்திருக்கும், காய்ந்திருந்தால் பெரிதாக ஒன்றும் செய்யாது, நனைந்து பூஞ்சணம் பிடித்தால் உள்ளி மணக்கிற கெட்ட ஆவி வரும், தூளும் கொட்டும் என்று மெல்லச் சொன்னாள். அது ஆளைக் கெடுக்கும் என்ற வைத்தியர்களின் பேச்சை வரைந்தவனே நம்பவில்லை என்றும் சொன்னாள்.

"நஞ்சென்று நீங்கள் சொல்லவில்லை," என்றான் விதுரன்.

"சொன்னால் நீ வந்திருப்பாயா?"

அவன் கதவைத் தள்ளி உள்ளே போய் டாக்டரிடம் ஆர்செனிக் என்ற அந்த ஒரு சொல்லைச் சொன்னான். அவள் எழுதுவதை நிறுத்தினாள். இரத்தமும் சிறுநீரும் சோதனைக்குப் போகும், மருந்தை இப்போதே தொடங்குகிறேன், அந்தக் காகிதத்தில் ஒரு துண்டும் வேண்டும் என்றாள்.

வெளியே வந்தபோது சிஞ்ஞோரா அவன் கையைப் பிடித்தாள்.

"அலுமாரிக்குப் பின்னால் கிழி," என்றாள். "தெரியாத இடமாகப் பார்த்து."

கையை விடுவித்துக்கொண்டு நடந்தான். கால்சாவில் மழை பெய்துகொண்டிருந்தது. அறைக்குள் போய்த் தொட்டிலைக் காலால் ஒதுக்கிவிட்டு, அது நின்ற இடத்துக்கு நேர் மேலே, கதவைத் திறப்பவர் எவருக்கும் முதலில் கண்ணில் படும் இடத்தில் நகத்தைக் கொடுத்தான். இழுக்கத் தேவையே இருக்கவில்லை. ஈரத்தோல் போலக் காகிதம் தானாகக் கழன்று, ஆள் உயரத்துக்குத் தோளில் விழுந்தது. ஒரு துண்டைக் கடைப் பைக்குள் திணித்து முடிச்சுப் போட்டான்.

டாக்டர் கையுறை போட்டுக்கொண்டுதான் பையை வாங்கினாள். கையைக் கழுவாமல் பிள்ளையிடம் போகவேண்டாம் என்றாள். முழங்கை வரை கழுவினான். தண்ணீர் பச்சையாக ஓடியது. கேசிகாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. யன்னலை ஒட்டியது யார் என்பதை அவள் கேட்கத் தேவையில்லை, அவளுக்குத் தெரியும்.

பிள்ளை அந்தக் கிழமை முடிவில் கொஞ்சம் பால் குடித்தது. பிழைத்துவிடும் என்றாள் டாக்டர். நரம்புகளுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று அது நடக்கிற வயதில், கதைக்கிற வயதில்தான் தெரியும் என்றும் சொன்னாள்.