ஒரோக்கின் மீசைப் புள்ளிகள்

காசைனே மூன்று வருடமாக ஒரோக்கைக் கொன்றுகொண்டிருந்தான். வாரத்துக்கு நான்கு நாள், பகல் பதினொன்றரை மணி வாக்கில்.

அந்த நேரத்துக்குக் காரணம் இருந்தது. காப்புக்காட்டுக்கு வரும் சுற்றுலா வண்டிகள் விடியும்போதே கிளம்பிவிடும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் யானைகள் சதுப்புக்குள் இறங்கிவிடும், சிங்கங்கள் நிழல் தேடிப் படுத்துவிடும். சாயங்காலம் நான்கு மணி வரை வந்தவர்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. அந்த வெற்று நேரத்தில் அவர்களைக் கொண்டுவந்து இறக்க ஏற்ற இடம் காசைனேயின் ஊர்தான். மாசாய் இனப் பெண்கள் கழுத்து மணிகள் குலுங்கப் பாடி வரவேற்பார்கள். ஆண்கள் வளையமாக நின்று, குதிகால் தரையில் படாமல் எம்பி எம்பிக் குதிப்பார்கள். காய்ந்த யானைச் சாணத்தை வைத்துக்கொண்டு குச்சியைக் கடைந்து தீ உண்டாக்குவார்கள். எல்லாம் முடிந்த பிறகு, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த காசைனே ஈட்டியோடு முன்னால் வந்து, தான் சிங்கத்தைக் கொன்ற கதையைச் சொல்வான்.

அவன் எந்தச் சிங்கத்தையும் கொன்றதில்லை. விடியற்காலைகளில் அவன் பார்த்த வேலையே சிங்கங்களைக் காப்பதுதான். சிங்கக் காவலர் என்று அதற்குப் பெயர். இருட்டு பிரியும்போது நடக்கத் தொடங்கி, தடம் பார்த்து, சிங்கங்கள் எந்தப் பக்கம் படுத்திருக்கின்றன என்று கண்டுபிடித்து, மாடு ஓட்டப் போகிறவர்களுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். மாடு அந்தப் பக்கம் போகாவிட்டால் சிங்கம் மாட்டை அடிக்காது. மாடு சாகாவிட்டால் ஈட்டியோடு யாரும் சிங்கத்தைத் தேடிப் போக மாட்டார்கள்.

"காலையில காப்பாத்துற, மத்தியானம் கொல்ற. உன்னால அந்த ஒரோக்குக்குத்தான் கிறுக்குப் பிடிக்கும்" என்பாள் அவன் மனைவி நாஸியெகு. மணிமாலைக் கடையில் அவளுக்கும் கூட்டம் கதைக்குப் பிறகுதான் சேரும் என்பதால், அதற்கு மேல் அவள் பேசியதில்லை.

ஒரோக் என்றால் கறுப்பன். எட்டு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், காசைனே முதன்முதலாக அடையாளம் கண்ட சிங்கம் அது. முதலில் கண்டவன் பெயர் வைக்கலாம் என்பது காவலர்களுக்குள் வழக்கம். பிடரி கறுத்துக்கொண்டு வந்த இளம் ஆணுக்கு அந்தப் பெயர் தானாக வந்தது. பின்னாளில் ஒரு சுற்றுலாப் பெண், "நீங்க கொன்ன சிங்கத்துக்குப் பேர் இருந்ததா?" என்று கேட்டபோதும் அதே பெயர் தானாக வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெஸியத்தோ ஊருக்கு வந்தாள். காவலர்களுக்கெல்லாம் மேற்பார்வை அவள்தான். டீ கொடுத்தும் வாங்கவில்லை. போனை நீட்டினாள். திரையில் யாரோ ஒரு சுற்றுலாக்காரர் எடுத்துப் போட்ட வீடியோ. அதில் காசைனே நின்றிருந்தான், ஈட்டியோடு.

"இது நீதானே?"

"நான்தான் அக்கா."

"கையில காட்டுறியே, அந்தத் தழும்பு?"

"பைக்ல இருந்து விழுந்தது. நீங்கதானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க."

"எனக்குத் தெரியும். இதைப் பாத்த ரெண்டு லட்சம் பேருக்குத் தெரியுமா?"

தழும்பு கதைக்குள் பிற்பாடு வந்து சேர்ந்தது. நான்கு மாதத்துக்கு முன் விழுந்து எழுந்தவன், அதை வீணாக்குவானேன் என்று சிங்கத்தின் நகத்துக்குக் கொடுத்துவிட்டான். ஆனால் தழும்பு இன்னும் புதிதாகச் சிவந்திருந்தது. சின்ன வயதில் கொன்றதாக அதுவரை சொல்லிவந்தது அதோடு பொருந்தவில்லை. வீடியோவில் ஒரு ஆள் அதைத்தான் சிரித்துக்கொண்டே கேட்டான். காசைனே விட்டுக்கொடுக்கவில்லை. போன மழைக்கு முன்புதான் கொன்றேன் என்று சொல்லியிருந்தான்.

"சும்மா ஒரு சிங்கம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஒரோக் பேரை எதுக்குச் சொன்ன?" என்றாள் ரெஸியத்தோ.

"இல்லாத சிங்கத்துக்கு எனக்குப் பேர் வைக்க வரல அக்கா."

"அவனைக் கடைசியா எப்ப பாத்த?"

"நாப்பத்தொரு நாளாச்சு."

"அதையும் நீதான் எழுதிக் குடுத்திருக்க. கழுத்துப்பட்டையில சத்தம் நின்னு போச்சுன்னும் நீதான் எழுதியிருக்க. இப்ப கொன்னேன்னும் நீயே சொல்ற. வெளியில இருந்து பாக்குறவன் என்ன நினைப்பான்?"

சிங்கம் இருக்குமிடம் காட்டும் ரேடியோ பட்டையில் சத்தம் நிற்பது புதிதில்லை. உள்ளே இருக்கும் பேட்டரிக்கு இரண்டு மூன்று வருடம்தான் ஆயுள். சிங்கம் கண்ணில் படாததும் அதிசயமில்லை. மழை பெய்தால் எங்கும் புல்லும் தண்ணீரும் கிடைக்கும், வரிக்குதிரைகள் நாலா பக்கமும் சிதறும், சிங்கங்களும் பின்னாலேயே போய்விடும். ரெஸியத்தோவுக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை நைரோபியிலிருந்து விசாரிக்க வரப்போகிறவர்களுக்கு அது போதாது.

"வனவிலங்கு அதிகாரியும் கூட வர்றாரு. அதுக்குள்ள ஒரோக் உயிரோட இருக்கான்னு காட்டு. முடியலேன்னா போனையும் பைனாகுலரையும் என்கிட்ட குடுத்துடு. அதுக்கப்புறம் கேஸாகும், என் கையில எதுவும் இருக்காது."

புதன்கிழமை விடியலில் அவன் கிளம்பியபோது மெபுகோரி பைக்கோடு வந்து நின்றான். இருவரும் வாலிபச் சடங்கில் ஒரே வருடம் தலை மழித்துக்கொண்டவர்கள். ஒன்றாக வளர்ந்தவனிடமிருந்து ஆறுதல் வரும் என்று காசைனே எதிர்பார்க்கவில்லை.

"ஏண்டா, நீதானே கொன்ன? எங்க போட்டோம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாரேன். பெட்ரோலாவது மிச்சமாகும்."

"வண்டிய எடுடா."

அன்று முழுக்கச் சுற்றியும் ஒன்றுமில்லை. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, கிழக்கே உவர்மண் திட்டில், காசைனே மெபுகோரியின் தோளைத் தட்டினான். மண்ணில் ஒரு பாதம் பதிந்திருந்தது. இடது பின்னங்கால். நான்கு விரல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. ஒரோக்குக்கு அந்தக் கால் ஓரவிரல் தரையில் ஊன்றாது. எப்போதோ வரிக்குதிரை உதைத்ததாக இருக்கலாம்.

"எப்பப் போயிருப்பான்?" என்றான் மெபுகோரி.

காசைனே குனிந்து பார்த்தான். தடத்துக்கும் வயது உண்டு, அதைப் படிக்கலாம். ராத்திரி நடமாடும் வண்டுகள் தையல் போட்டதுபோலச் சின்னப் புள்ளிகளை மண்ணில் விட்டுச் செல்லும். சிங்கத்தின் தடத்துக்கு மேலே வண்டின் தையல் ஓடினால், சிங்கம் முன்னால் போனது. தையலை மிதித்து அழித்திருந்தால், சிங்கம் பின்னால் போனது. இங்கே ஒரு தையல் பாதத்தின் விளிம்பு வரை வந்து, உள்ளே காணாமல் போய், மறுபக்கம் தொடர்ந்தது. விளிம்பு மண்ணும் இன்னும் உதிரவில்லை.

"விடியக்காலையில. பக்கத்துலதான் இருக்கான். பைக் வேண்டாம், நடப்போம்."

ஒன்பது மணிக்கு பல்குச்சி ஒடிக்கும் உகாப் புதர் ஒன்றின் அடியில் சிங்கத்தைக் கண்டார்கள். காற்று எதிரே வந்தது. அறுபது மீட்டர் தள்ளி ஒரு குடைவேல மரத்தின் பின்னால் உட்கார்ந்தார்கள். மெபுகோரி பைனாகுலரை வாங்கிப் பார்த்தான்.

"டேய், இது ஒரோக் இல்லடா."

பிடரி போயிருந்தது. காதுக்குப் பின்னால் சில கொத்துகள் தவிர ஒன்றுமில்லை. விலா எலும்புகளை எண்ணலாம். கழுத்து மெலிந்ததில் பட்டையும் எங்கோ கழன்று விழுந்திருந்தது. பதினொரு வயது ஆண் சிங்கம் என்றால் கிழம்தான். இளம் ஆண்கள் விரட்டி, அடிபட்டு, பட்டினி கிடந்தால் பிடரி இப்படிக் கொட்டிவிடுவது உண்டு. கறுப்பன் என்று பெயர் வைத்தவனுக்கே கறுப்பாக எதுவும் கண்ணில் படவில்லை.

"விரலைப் பாத்தேல்ல?"

"நான் பாத்தேன். நைரோபிக்காரன் விரலை நம்புவானா? கறுப்புப் பிடரி எங்கன்னு கேப்பான்."

"மீசையை நம்புவான்" என்றான் காசைனே.

சிங்கத்தின் மீசை முடி ஒவ்வொன்றும் ஒரு கரும்புள்ளியிலிருந்து முளைக்கிறது. கன்னத்தில் அந்தப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். மேலே இருக்கும் முழு வரிசைக்கும் மேல், ஒன்றோ இரண்டோ புள்ளிகள் தனியாக நிற்கும். அவை எங்கே நிற்கின்றன என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு சிங்கத்துக்கு இரண்டாவது புள்ளிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒன்று நிற்கும், இன்னொன்றுக்கு ஐந்தாவதின் தலைக்கு மேல் நிற்கும். இடது கன்னம் ஒரு கணக்கு, வலது கன்னம் வேறு கணக்கு. குட்டியில் இருப்பது சாகும்வரை மாறாது. பிடரி கொட்டலாம், காது கிழியலாம், மூக்கு கறுக்கலாம். புள்ளி நகராது. ஒரோக்கின் புள்ளிகளை எட்டு வருடத்துக்கு முன் அட்டையில் குறித்தவனே காசைனேதான்.

போன் கேமராவைப் பைனாகுலரின் கண்ணாடியில் ஒட்டி வைத்து எடுத்தால் தூரத்து முகம் பக்கத்தில் வந்துவிடும். வலது கன்னம் கிடைத்தது. ஒரு கன்னம் மட்டும் என்றால் தற்செயலாக வேறு சிங்கத்தோடும் ஒத்துப்போகலாம். இடது கன்னம் வேண்டும். சிங்கம் அதைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது.

காத்திருந்தார்கள். ஈக்கள் சிங்கத்தின் கண்ணோரம் மொய்த்தன. அது தோலைச் சிலிர்த்ததே தவிரத் தலையைத் தூக்கவில்லை. மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்குவதைக் காசைனே எண்ணத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டான். எட்டு வருடத்தில் இவ்வளவு நேரம் ஒரோக்கை அவன் தொடர்ந்து பார்த்ததில்லை. இருக்குமிடம் தெரிந்ததும் போன் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியாக வேண்டும். கதைக்கு நேரமாகிவிடும்.

போன் அதிர்ந்தது. நாஸியெகு.

"எங்க இருக்க? மூணு வண்டி வந்து நிக்குது."

"ஒரோக் கூட இருக்கேன்" என்று கிசுகிசுத்தான்.

"உசுரோடயா?"

"உசுரோட."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. பிறகு, "சரி, இன்னிக்கு அவனை யாரு கொல்றது? உனக்குப் பதிலா பர்சாலோ கதை சொல்லட்டுமான்னு ஊர்ல கேக்குறாங்க."

"யாரும் கொல்ல வேண்டாம். இன்னொரு தரம் குதிக்கச் சொல்லு."

மணி பதினொன்றரை. இந்த நேரத்தில் ஊரில் இருந்திருந்தால், ஒரோக் இப்போது அவன் மேல் பாய்ந்துகொண்டிருப்பான். கதையில் அவன் எப்போதும் பாய்வான். பாய்ச்சலைக் காட்ட காசைனே இரண்டு கைகளையும் விரித்து உறுமுவான். குழந்தைகள் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

ஒரு மணிக்குத் தொலைவில் மாட்டு மணி கேட்டது. சிங்கத்தின் காது முதலில் திரும்பியது. பிறகு தலை எழுந்து சத்தம் வந்த பக்கம் முழுதாகத் திரும்பியது. இடது கன்னம் வெயிலில் பட்டது. காசைனே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து படம் எடுத்தான்.

ஆறாவதுக்கு முழங்காலை நகர்த்தியபோது சருகு நொறுங்கியது. சிங்கம் அவர்களைப் பார்த்தது. அவர்கள் போர்த்தியிருந்த சிவப்புப் போர்வையைப் பார்த்தது. வால் கூட அசையவில்லை. முன்னங்கால்களை ஊன்றி, சிரமப்பட்டு எழுந்து, மூன்று விரல் காலை இழுத்தபடி புதருக்கு அப்பால் போய் மறைந்தது.

"பாயவே இல்லையேடா" என்றான் மெபுகோரி.

காசைனே மாடு ஓட்டி வந்தவனுக்கு முதலில் போன் செய்தான்.

வெள்ளிக்கிழமை அலுவலக மேசையில் ரெஸியத்தோ பழைய அட்டையையும் புதுப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வனவிலங்கு அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சில் முனையால் தானே எண்ணினார். வலதில் நான்காவதுக்கு மேல் ஒன்று. இடதில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒன்று, ஐந்தாவதின் மேல் ஒன்று. இரண்டு முறை எண்ணினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "பாவம், ரொம்ப இளைச்சுட்டான்" என்றார். கேஸைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

வாசல் வரை வந்த ரெஸியத்தோ சொன்னாள்: "அவன் தப்பிச்சுட்டான். உன் விஷயம் அப்படியேதான் இருக்கு. காப்பாத்துற கதையும் கொல்ற கதையும் ஒரே வாயில வரக்கூடாது. எது வேணும்னு நீயே முடிவு பண்ணு."

"கதையை விட்டுடுறேன் அக்கா."

"ஊர்ல ஒத்துக்குவாங்களா?"

ஒத்துக்கொள்ளவில்லை. சிங்கம் இல்லாமல் குதிப்பதை மட்டும் பார்க்க எவன் வருவான் என்று கேட்டார்கள். சனிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் அவன் ஈட்டி இல்லாமல் வந்து நின்றபோது, மணிக்கடையிலிருந்து பெண்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் தழும்பைக் காட்டி, "சிங்கமா?" என்றார்.

"பைக்" என்றான் காசைனே.

சிரித்தார்கள். தீக்கடைந்த குச்சி அவன் கையில் இருந்தது. உட்கார்ந்து புழுதியில் ஒரு வரிசைப் புள்ளி குத்தினான். மேலே தனியாக இரண்டு. இது என் சிங்கத்தின் இடது கன்னம் என்றான். பிடரி கொட்டியதை, மூன்று விரல் காலை, வண்டின் தையலை, நான்கு மணி நேரம் காத்திருந்ததைச் சொன்னான். இரண்டு பேர் நடுவிலேயே எழுந்து மணிக்கடைக்குப் போனார்கள். மற்றவர்கள் குனிந்து புள்ளிகளை எண்ணினார்கள்.

முடித்ததும் ஒரு பெண் கேட்டாள்: "இப்ப அவன் எங்க இருக்கான்?"

அறுநூறு தடவை சொல்லியிருப்பான். இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டதில்லை. செத்த சிங்கம் எங்கே இருக்கிறது என்று யார் கேட்பார்கள்?

"தெரியல. காலையில போய்ப் பாக்கணும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஓடைக்கரை மணலில் மூன்று விரல் பதிந்திருந்தது. அதன் மேல் வண்டின் தையல் அறுபடாமல் ஓடியது. நள்ளிரவிலேயே போயிருக்கிறான். காசைனே ஓடையோரமாகவே தடம் போன திசையைப் பார்த்துக்கொண்டு போனை எடுத்தான்.

"இன்னிக்கு ஓடைப் பக்கம் மாட்டை ஓட்டாதீங்க" என்றான். "ஒரோக் இருக்கான்."