பணிச் செறிவூட்டல்

எங்க மாவு மில்லுல செறிவூட்டல்னா ஒரே அர்த்தம்தான். கோதுமையோட தவிட்டையும் முளையையும் முதல்ல உருவி எடுத்துடுவாங்க. அப்புறம் கடைசி அறையில இரும்புச்சத்துத் தூளும் வைட்டமினும் ஒரு சிட்டிகை தூவி, மூட்டையில 'செறிவூட்டப்பட்டது'ன்னு கொட்டை எழுத்துல போடுவாங்க. இருந்ததைப் பிடுங்கிட்டுக் கிள்ளிக் கொடுக்கறதுக்குப் பேரைப் பாருங்க!

அந்த அறைக்குப் போகணும்னு நான் தவம் கிடந்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, தூசியே கிடையாது. நான் வெளியில எடை மெஷின்கிட்ட நிக்கறவ. ஒன்பது வருஷமா மாவைச் சுவாசிச்சு, இருமல் நெஞ்சுலயே குடியேறிடுச்சு. "இந்தத் தூசியில இன்னும் நின்னா நுரையீரல் போயிடும்மா"ன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார். வேலையை விட முடியுமா? வீட்டுக்காரர் கால் ஒடிஞ்சு படுத்திருக்கார். நானும் என் நாத்தனாரும் உழைச்சுத்தான் அடுப்பு எரியுது. அவளும் இதே மில்லுதான். எனக்கு அடுத்து நின்னு மூட்டை வாய் தைக்கறவ.

அதனால மேனேஜர் கூப்பிட்டு, "உங்க பணியைச் செறிவூட்டலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்"னு ஒரு கடிதத்தை நீட்டினதும் எனக்குத் தலைகால் புரியலை. அந்த அறைக்குத்தான் மாத்தறாங்கன்னு நினைச்சேன். மீதியைப் படிக்கவா தோணும்? அங்கேயே கையெழுத்தைப் போட்டுட்டேன்.

வீட்டுல நாத்தனார் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "மகாராணியாட்டம் ஏசியில உட்காருங்க அண்ணி. எங்களை மறந்துடாதீங்க"ன்னு கிண்டல் வேற.

திங்கக்கிழமை போய் அந்தக் கதவைத் தட்டினேன். பின்னாடியே மேனேஜர் வந்தார். சிரிச்சார் பாருங்க, அந்தச் சிரிப்புல தீயை வைக்க!

"அது மாவுக்கும்மா. இது பணிச் செறிவூட்டல். ஒரே வேலையைச் செஞ்சா சலிச்சுப் போகும்ல? இனிமே எடையும் நீங்களே, தையலும் நீங்களே. சம்மதம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே."

"அப்ப தைக்கறவ?"

அவர் தையல் மெஷின் பக்கம் கையைக் காட்டினார். நாத்தனார் கையில ஏற்கெனவே ஒரு காகிதம் இருந்துச்சு. அவளுக்கு அன்னிக்கே கடைசி நாள். போறதுக்கு முன்னாடி எனக்கு மெஷினைச் சொல்லிக் கொடுத்துட்டுப் போகணுமாம்.

சொல்லிக் கொடுத்தா. நூல் அறுந்தா எப்படிக் கோக்கறது, ஊசி சிக்கினா எப்படி எடுக்கறது, எல்லாம். "மடிக்கும்போது மூச்சை அடக்கிக்குங்க அண்ணி. இந்த இடத்துலதான் மாவு அதிகமா பறக்கும்"னா.

எனக்குத் தாங்கலை. "ரெண்டு வார்த்தை திட்டித் தொலையேன்டி! நான் வேலையை விட்டுடறேன், நீ இரு."

அவ நிமிர்ந்தே பார்க்கலை. "கேட்டுட்டேன் அண்ணி. நீங்க போனா ரெண்டு வேலைக்கும் வெளியில இருந்து ஒரே ஆளை எடுப்பாங்களாம்."

அதுக்குள்ள அடுத்த மூட்டை வந்துடுச்சு. எடை போட்டேன். நானே தைச்சேன்.