யாரும் கொடுக்காத இடம்

"யாரு சொல்லி அங்க குடிசை போட்டம்மா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதும் செங்கமலம் சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பதிலை அவளுடைய வக்கீல் பழனிவேல் காலையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். "தோ பாரும்மா, அடுத்தவங்க நெலத்துல பன்னெண்டு வருஷத்துக்கு மேல, அவங்க கண்ணு முன்னாலயே, என்னுதுன்னு இருந்திருக்கணும். அதான் எதிரிடை அனுபவம். பாவம் பாத்து விட்டாங்கன்னு சொன்னியோ, மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

"அவங்கதானே சார் விட்டாங்க?"

"அத வாயில எடுக்காத. அவங்கள எதுத்துதான் இருந்தேன்னு சொல்லு."

எதிர்த்து இருந்தாளாம்! பதினைந்து வருஷத்துக்கு முன்னால் லப்பைக்குடிக்காட்டு எல்லையில் கருவேல முள் மண்டிக் கிடந்த தன் நாலு சென்ட்டைக் காட்டி, "சும்மாதானே கெடக்கு, போட்டுக்க செங்கமலம்" என்றவளே நஜ்முன்னிசாதான். புருஷன் செத்த மாசமே கொழுந்தன்மார் வெளியே தள்ளிய பொம்பளைக்கு அந்த ஊரில் வேறு எவரும் ஒரு முழம் இடம் தரவில்லை. முள்ளை வெட்டியதும், மண்ணடித்ததும், வேம்பு வைத்ததும் செங்கமலம். ஆனால் சாயங்காலமானால் அவளிடம் பேச வருகிற ஒரே ஆள் நஜ்முன்னிசா. நோன்பு மாதத்தில் தூக்கில் கஞ்சியும் கொண்டு வருவாள். "உப்பு பத்தலன்னா என்னைத் திட்டாத, எம் மருமவளத் திட்டு."

இப்போது நஜ்முன்னிசாவின் மகன் ஆகிப் துபாயிலிருந்து வந்து இடத்தை விற்கப் பார்க்கிறான். அம்மாவை வாதியாக்கிச் செங்கமலத்தின் மேல் கேஸ் போட்டதும் அவன்தான். தோற்றால் செங்கமலம் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

கடைசி பெஞ்சில் நஜ்முன்னிசாவின் வெள்ளைத் துப்பட்டி தெரிந்தது. செங்கமலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன். அவங்க வந்து காலி பண்ணச் சொன்னாங்க, முடியாதுன்னுட்டேன்."

"அதுக்கப்பறம் பேச்சுவார்த்தை?"

"கெடையாது."

வெளியே பழனிவேல் சிரித்தார். "கல்லு மாதிரி நின்னுட்டம்மா. இனி கேஸ் நம்ம பக்கம்."

அவள் சிரிக்கவில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போக ஒரு பஸ்தான் நின்றது. ஏறிய பிறகுதான் பார்த்தாள். இரண்டு பேர் சீட்டில் நஜ்முன்னிசா தனியாக உட்கார்ந்திருந்தாள்; பக்கத்தில் அவள் பை. வேறு சீட்டு காலியில்லை.

பஸ் கிளம்பியது. நஜ்முன்னிசா திரும்பிப் பார்க்கவில்லை. பையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடம் இருக்குல்ல, ஏம்மா நிக்கிற?" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டுங்க."

ஊர் வரும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தாள்.