மச்சானுக்குக் கொடுத்த மாத்திரை

சலூன்காரருக்குக் கத்திதான் சோறு. அந்தக் கத்தியைப் பிடிக்கிற விரலெல்லாம் மதமதத்துப்போய் ஊசி குத்தினால் மனுஷன் என்னதான் செய்வார்? கண் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்: கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது, இந்த மாத்திரை அதை இறக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், விரல் மதமதக்கும், தொந்தரவாக இருந்தால் என்னிடம் வாருங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தார். ஒரு வாடிக்கையாளரின் காதோரம் கத்தி கீறி ரத்தம் எட்டிப்பார்த்த அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார். டாக்டரம்மாவிடம் போகவில்லை. மனைவியிடம் மூச்சு விடவில்லை.

மனைவி லேசுப்பட்டவளா? மாத்திரை குறைகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள். "கடையிலேயே போட்டுக்கிறேன்" என்று சொல்லி மொத்தத்தையும் சலூனுக்குக் கொண்டுவந்து சீப்பு வைக்கும் இழுப்பறையில் போட்டுவிட்டார். வீட்டில் அவள் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கும்போதெல்லாம் "ஆச்சு, ஆச்சு" என்பார். பொய் அப்படிச் சரளமாக வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் முடி வெட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்தான். மனைவியின் ஒரே தம்பி, செல்போன் கோபுரத்தில் ஏறி வேலை செய்பவன்.

"அத்தான், பெரிய மலை ஒண்ணுல வேலை. லாரியில ஒரே மூச்சுல மேல ஏத்திடுவாங்க. தலைவலி, வாந்தின்னு ஆளையே சாய்ச்சிடுமாம். அதுக்கு முன்னாடியே போட்டுக்கணும்னு கூட வேலை செய்யறவன் ஒரு மாத்திரை சொன்னான். பேரைப் பார்த்தா உங்க கண் மாத்திரை!"

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"எங்க அத்தான் நேரம்? நாளைக்கு வண்டி."

சலூன்காரருக்கு உள்ளுக்குள் குஷி. குப்பைக்குப் போக வேண்டியது மச்சானுக்கு உதவட்டுமே! இழுப்பறையை வழித்து அவன் பையில் போட்டார்.

"உங்களுக்கு?"

"எனக்கு நிறைய இருக்குடா. அக்காகிட்ட மட்டும் வாயைத் திறக்காதே."

மலையிலிருந்து முதலில் வந்தது சிரிப்புதான். "விரலெல்லாம் குத்துது அத்தான். சோடா குடிச்சா பச்சைத்தண்ணி மாதிரி சப்புன்னு இருக்கு!" இவரும் சிரித்தார். அடுத்த முறை பேசியபோது அவன் சிரிக்கவில்லை.

"உடம்பெல்லாம் சிவந்து தடிச்சிருக்கு அத்தான். அரிப்பு தாங்கல. மாத்திரையாலதானோ? நிறுத்திடட்டுமா?"

'நிறுத்து, உடனே டாக்டரிடம் ஓடு' என்பது அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் டாக்டர் மாத்திரை ஏதென்று கேட்பார், விஷயம் மனைவி காதுக்குப் போகும், குட்டு உடைந்துவிடும். மென்று விழுங்கினார்.

"குளிருக்கு இருக்கும்டா. இன்னும் கொஞ்சம் பார்ப்போம்."

அந்த நாக்கைப் பிடுங்கி எறிந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டார்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது மனைவிதான் எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"உங்க தம்பியால பேச முடியலம்மா, வாயெல்லாம் புண். காய்ச்சல் வேற. முன்னாடி ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?"

"ஆமா டாக்டர்! சின்ன வயசுல சல்ஃபா மருந்து குடுத்து உடம்பெல்லாம் கொப்புளம் வந்துச்சு. பிழைச்சதே பெரிசு."

"இப்ப எதாவது மாத்திரை எடுத்தாரா?"

"ஐயோ, இல்ல டாக்டர். அவன் தலைவலிக்கே மாத்திரை போட மாட்டான்."

பின்னால் நின்ற சலூன்காரர் போனருகே பாய்ந்து வந்தார். அவள் தெரியாமல் சொன்ன அந்த 'இல்ல'யை டாக்டர் நம்பிவிட்டால் அங்கே ஒரு உயிர் போய்விடும்.

"எடுத்தான்" என்றார். "என் கண் மாத்திரை, அசெட்டசோலமைடு. நான்தான் குடுத்தேன்."

"அதுவும் சல்ஃபா குடும்பம்தான் சார். இன்னொருத்தருக்கு எழுதின மருந்தை இப்படியா தூக்கிக் குடுப்பீங்க? நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க." போன் அணைந்தது.

மனைவி அவரைத் திட்டவில்லை. "அப்ப நீங்க போடவே இல்ல" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மறுநாளே கண் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். பரிசோதனை முடிந்து டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பார்வையில இடது பக்க ஓரம் போயிடுச்சு. போனது திரும்பாது, இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். விரல் மதமதக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே வேற வழி பார்த்திருப்பேனே!"

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாய் வராதவர்தான் வீட்டில் "ஆச்சு, ஆச்சு" என்று அத்தனை பொய் சொன்னார்.

மச்சான் பிழைத்துவிட்டான். ஊர் திரும்பியதும் சலூனுக்குத்தான் வந்தான். சலூன்காரர் காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, துணியை உதறி மடித்து வைத்த பிறகுதான் இடப்பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். "எப்படா வந்தே? ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"அப்பவே வந்துட்டேன் அத்தான். அக்கா சொட்டு மருந்து குடுத்து அனுப்பினா. கையை நீட்டிக்கிட்டேதான் நிக்கிறேன்."

நீட்டிய கையில் தோல் பட்டை பட்டையாக உரிந்து, அடியில் புதுத் தோல் சிவந்து கிடந்தது. அந்தக் கையை இவரால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"நிஜமாவே நான் நின்னது தெரியலையா அத்தான்?" என்று பயந்துபோய்க் கேட்டான் மச்சான்.

"தெரியலடா" என்றார் சலூன்காரர். இந்த முறை பொய் சொல்லவில்லை.