தூங்குகிற வாத்து

நான்காவது வாத்து தூங்கிக்கொண்டிருந்தது. வில்லங்கமே அங்கேதான்.

மாவட்டக் கண்காட்சியில் அந்தப் படத்தின் முன் நின்று டெல்மர் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் துடைத்தார், மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கலங்கரை விளக்கம், அதன் காலடியில் படகுத்துறை, துறையின் விளிம்பில் வரிசையாக ஐந்து வாத்துகள். எல்லாமே பிளைவுட்டில் அறுத்து எடுத்தது. நான்கு வாத்துகள் தலையை நிமிர்த்தி ஏரியைப் பார்க்கின்றன. நான்காவதாக நிற்பது மட்டும் தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டு தூங்குகிறது. சட்டத்தின் மூலையில் முதல் பரிசுக்கான நீல ரிப்பன். கீழே சீட்டில் பெயர்: மார்லிஸ் எங்கன்.

படம் ஒன்றாக இருந்ததில் ஒரு அதிசயமும் இல்லை. மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் கூடுகிற, மெல்லிய ரம்பத்தால் பலகையில் படம் அறுக்கிற ரம்பச் சங்கத்தில் பதினாலு பேர். பதினாலு பேரும் ஒரே புத்தகத்திலிருந்து மாதிரியை நகலெடுத்து, பலகையில் ஒட்டி, கோட்டின் மேலேயே அறுக்கிறவர்கள். இந்த ஊரில் அந்தக் கலங்கரை விளக்கம் தொங்காத குளியலறை கிடையாது. ஆனால் புத்தகத்தில் ஐந்து வாத்துகளும் விழித்துத்தான் இருக்கின்றன.

நான்காவதைத் தூங்கவைத்தது டெல்மர். அதுவும் ஆசைப்பட்டுச் செய்ததில்லை. மே மாதம் ஒரு பிற்பகலில் பெரிய தும்மலாக ஒன்று வந்தது. நூல் போன்ற பிளேடு சரக்கென்று கோட்டைத் தாண்டிப் போய், வாத்தின் தலை துண்டாகி மேசையில் விழுந்தது. மூன்று வார வேலை பாழாய்ப் போகிறதே என்று வயிறெரிந்து, மிச்சமிருந்த கழுத்தை வளைத்து வளைத்து அறுத்து, தலையை இறக்கைக்குள் ஒளித்துக்கொண்ட மாதிரி ஒப்பேற்றினார். வெட்கக்கேடு என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

"மார்லிஸ் கையே கைதான்!" பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு. சங்கத்துக் கூட்டாளி ஹார்லன், ஒரு கையில் பொரித்த சீஸ் பொட்டலம். "பன்னெண்டாவது வருஷமா ரிப்பன் அவளுக்குத்தான். நடுவர் எழுதியிருக்கறதப் பாத்தியா? 'தூங்கும் வாத்து மனத்தைக் கவர்கிறது.' நீயும் நானும் புத்தகத்துல இருக்கறத அப்படியே அறுக்கறோம். அவளுக்கு மூளை வேலை செய்யுதுய்யா."

"ஹார்லன், இது என்னோடது."

"ஆமா, ஆமா. அந்தப் பக்கம் கட்டியிருக்கற பரிசுப் பன்னியும் என்னோடதுதான்." சிரித்துக்கொண்டே போய்விட்டான் பாவி.

டெல்மர் மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். மார்லிஸ் வாத்தை மட்டும் பார்த்துக் காப்பியடித்திருக்கலாம். அவர் அறுத்ததை வாங்கிப் போய் உப்புத்தாள் போட்டு, எண்ணெய் பூசி, சட்டம் மாட்டிக் கொடுத்ததே அவள்தான். அவள் பார்க்காத வாத்தா? ஆனால் படகுத்துறையின் மூன்றாவது தூண் இடுப்பில் நெளிந்திருந்தது. மேல்மாடத்து ஜன்னல் கம்பிகளில் இரண்டாவது மட்டும் தடித்திருந்தது. இதெல்லாம் அவர் கை செய்த கோணல். ஒருவருடைய யோசனையைத் திருடலாம். அவருடைய கோணலை அச்சு மாறாமல் எப்படித் திருடுவது? அப்படியானால் வீட்டிலிருந்து அதையே எடுத்து வந்துவிட்டார்களா?

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், கூடத்துச் சுவரில் கலங்கரை விளக்கம் சமர்த்தாகத் தொங்குகிறது. நெளிந்த தூண், தடித்த கம்பி, தூங்குகிற வாத்து. ஒன்றும் குறையவில்லை. 

அவர் மனைவி டொரீன் சமையலறையில் வெள்ளரிக்காய் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் அவர் மூச்சுவிடாமல் சொன்னார். அவள் ஜாடியின் மூடியைத் திருகுவதை நிறுத்தினாள்.

"ரெண்டு அறுத்திருப்ப, டெல். ஒண்ண அவகிட்ட கொடுத்திருப்ப. மறந்திருப்ப."

"மூணு வார வேலைய ரெண்டு தடவ செஞ்சுட்டு ஒருத்தன் மறப்பானா?"

"போன வாரம் கெட்டில அடுப்புல வெச்சுட்டு நீ பாட்டுக்குத் தபால் எடுக்கப் போயிட்ட. அடி கருகி வீடெல்லாம் நாத்தம். அது யாரு செஞ்சது?"

"கெட்டிலும் இதுவும் ஒண்ணா?"

"வெண்டெல்லுக்கும் கெட்டில்லதான் ஆரம்பிச்சுது."

 வெண்டெல் டெல்மருடைய அண்ணன். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போய்ப் பார்த்தால் டெல்மரை, செத்துப்போன நாயின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அங்கே போவதற்குமுன் தன் பெரிய ரம்பத்தில் இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். டொரீன் அன்று அந்த விரல்களை ஐஸ் பையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள்.

மறுநாள் காலை ரம்ப மெஷினின் கால் சுவிட்சைக் காணவில்லை. கீழே வைத்துக் காலால் அழுத்துகிற அந்தக் கறுப்பு மிதியை எடுத்துவிட்டால், இரண்டு கையும் பலகையில் இருக்கவேண்டிய டெல்மருக்கு மெஷின் வெறும் இரும்பு.

"எங்க ஒளிச்ச?"

"வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். அவர் சரின்னு சொல்லட்டும், தரேன்."

"சொல்லலைன்னா?"

டொரீன் அவர் கோப்பையில் காப்பியை நிரப்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் டெல்மருக்கு வந்த கோபமும் பாதியில் நின்றது.

முப்பத்தொரு வருஷம் இந்த மாவட்டத்துச் சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்ற முதல் குளிர்காலம் ஜன்னலருகே உட்கார்ந்து, எவனோ தப்பும் தவறுமாக வாரிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்காத குறை. இரண்டாவது குளிர்காலத்தில் இந்த மெஷின் வந்தது. தையல் மெஷின் போல ஊசித் தாளத்தில் மேலும் கீழும் ஓடும். கேட்டுக்கொண்டிருந்தாலே நெஞ்சு அடங்கும். அதையும் பிடுங்கிக்கொண்டால் மறுபடி ஜன்னல்தான், அதற்கடுத்து வெண்டெலின் பக்கத்துக் கட்டில்தான் என்று அவர் மனசு ஓடியது.

கராஜில் போய் உட்கார்ந்து யோசித்தார். இரண்டு அறுத்தேனா? யோசிக்க யோசிக்க, அறுத்த மாதிரியே ஒரு ஞாபகம் வந்தது, கேட்டுக்கொள்ளுங்கள்! மார்லிஸ் வீட்டு வாசலில் நின்று ஒன்றை நீட்டுகிறார், அவள் சிரிக்கிறாள், மழை தூறுகிறது. மழை எந்த மாதத்து மழை? அது கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த மான் பொம்மையா, இந்த விளக்கமா? ஞாபகம் வந்ததா, அவரே இட்டுக்கட்டினாரா? கடவுளே, இதை எப்படித்தான் ஒருவன் கண்டுபிடிப்பது!

கை சும்மா இருக்காமல் மேசையை ஒழுங்குபண்ணியது. பிளேடு பொட்டலம் ஒன்று அகப்பட்டது. தடிப் பலகைக்கான ஏழாம் நம்பர், பன்னிரண்டில் மிச்சம் ஒன்றே ஒன்று. அப்போதுதான் நினைவு வந்தது, அந்த விளக்கம் அவரை எப்படிப் பாடாய்ப் படுத்தியது என்று. பலகை தடியாக இருந்தது. பிளேடு பிளேடாக ஒடிந்தது, ஓரமெல்லாம் புகைந்தது.

கூடத்துக்குப் போய்ப் படத்தைக் கழற்றினார். முதுகுப் பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளே இருந்த கலங்கரை விளக்கத்தை விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தார். கால் அங்குலம்.

கால் அங்குலப் பலகைக்கு எந்த மடையனாவது ஏழாம் நம்பர் போடுவானா? மூன்று போதும். ஒன்று அவர் மடையனாகிவிட்டார். இல்லாவிட்டால் அறுத்தபோது பலகை இரட்டைத் தடிமனில் இருந்திருக்கவேண்டும்.

கராஜுக்குத் திரும்பினார்; அங்கே ஜன்னல் விளிம்பில் அந்த வாத்துத் தலை இருந்தது. இனிமேல் தும்மினால் மெஷினை நிறுத்தடா என்று தனக்குத்தானே புத்தி சொல்ல அன்றைக்கு எடுத்து வைத்தது. பட்டாணி அளவுதான். தடிமன் மட்டும் அரை அங்குலம். பிளைவுட்டே அடுக்கடுக்காக ஒட்டின சரக்கு என்பதால் பக்கவாட்டில் எத்தனை கோடு தெரிந்தாலும் யாரும் கவலைப்படமாட்டார்கள். டெல்மர் நடுக்கோட்டில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். பிசின் இழுத்தது, பிறகு விட்டுக்கொடுத்தது. உள்ளங்கையில் இரண்டு வாத்துத் தலைகள், நடுவே இருபக்கமும் ஒட்டுகிற டேப்பின் துணுக்கு.

அடுக்கி அறுப்பது! இரண்டு பலகையை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி ஒரே தடவையில் இரண்டு உருப்படி எடுப்பது. கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களை எல்லோரும் அப்படித்தான் அறுக்கிறார்கள். இந்தப் பலகையைத் தயார் செய்து, மாதிரியை ஒட்டி, ஓரத்தைச் சுற்றி நீல டேப் போட்டுக் கொடுத்தது மார்லிஸ். அறுத்ததைச் சட்டம் மாட்ட எடுத்துப் போனதும் அவள்தான்.

"டொரீன்! டொரீன்! நான் பைத்தியம் இல்ல!" என்று கத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார்.

அவள் இரண்டு தலைகளையும் பார்த்தாள், டேப் துணுக்கைப் பார்த்தாள், கடைசியாக அவரைப் பார்த்தாள்.

"டெல், கண்ணு... இதனால ரெண்டு அறுத்தங்கறதுதான் தெரியுது. அவ சொல்லித்தான் கொடுத்திருப்பா. நீதான் மறந்திருப்ப."

 அதுவும் நியாயம்தானே? சொல்லியிருப்பாள். சொன்னாளா? 'அடியில இருக்கறது எனக்கு, டெல்மர்,' என்று மார்லிஸின் குரல் இப்போது காதில் கேட்கவே ஆரம்பித்துவிட்டது. தன் தலையைத் தானே நம்ப முடியாமல் போனால் மனுஷன் வேறு எதை நம்புவான்? உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் விடை தெரியும். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மார்லிஸ் கதவைத் திறந்தபோது இரண்டு கைகளும் ஏப்ரன் பைக்குள் இருந்தன. நாற்பது வருஷம் வங்கியில் நோட்டு எண்ணிய பெண்மணி. கணவர் போனபின் தனியாக இருக்கிறாள்.

"வா டெல்மர். காப்பி... அங்க இருக்கு, நீயே ஊத்திக்கோ."

அவர் ஊற்றிக்கொள்ளவில்லை. மேசையில் இரண்டு வாத்துத் தலைகளையும் வைத்தார். அவள் முகம் வெளுத்தது.

"மார்லிஸ், ரிப்பன் பத்திப் பேச வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பலகை அடுக்கினதுன்னு நீ என்கிட்ட சொன்னியா? சொல்லி, நான் மறந்துட்டேனா?"

மார்லிஸ் ஒரு நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"டொரீன் மெஷின் சுவிட்ச ஒளிச்சுட்டா. வெண்டெல் மாதிரி ஆயிட்டேன்னு நினைக்கறா. நானும் அப்படித்தான் நினைக்கறேன். ரெண்டு நாளா எனக்கு நானே பொய் ஞாபகம் சொல்லிக்கிட்டிருக்கேன். நீ சொன்னியா?"

சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரிப்பன் அவளுடையது, பேர் அவளுடையது, வாயைத் திறக்க ஆளில்லை. டெல்மரே தலையாட்டிவிட்டு வீடு திரும்புவார். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அது அவளே அறுத்தது, மல்லிகைப் பந்தலை விட நுணுக்கமான வேலை. 

பிறகு வலதுகையை ஏப்ரன் பையிலிருந்து எடுத்து, ஒரு வாத்துத் தலையை எடுக்கப் போனாள். விரல்கள் மேசைப் பலகையில் தடதடவென்று தாளம் போட்டன. தலை அகப்படவில்லை. நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

"சொல்லல," என்றாள் மார்லிஸ். "உன்கிட்ட சொல்லவே இல்ல, டெல்மர். பிப்ரவரிலேர்ந்து இந்தக் கையால ஒரு நேர்கோடு அறுக்க முடியல. சங்கத்துல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நினைச்சேன். நீ கூட்டம் பிடிக்காதவன், கண்காட்சிப் பக்கமே வரமாட்டன்னு நினைச்சேன். வாத்து தூங்குது, அழகா இருக்கேன்னுதான் நினைச்சேன்; அது உன் தப்புன்னு கூட எனக்குத் தெரியாது."

டெல்மர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்பாடா!" என்றார். "சொல்லலையா? சத்தியமா சொல்லலையா?"

"உனக்குக் கோபம் வரலையா?"

"வரும். நாளைக்குக் கண்டிப்பா வரும், நல்லா வரும். இப்ப ஏப்ரனக் கழட்டிட்டு வண்டியில ஏறு. இதை அப்படியே டொரீன்கிட்ட சொல்லணும்."

"ரிப்பனத் திருப்பிக் கொடுத்துடறேன்."

"கொடுக்காம? என் வாத்துக்குத்தானே குத்தினாங்க."

டொரீன் சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். மார்லிஸ் ஒன்றையும் மழுப்பவில்லை. கேட்டு முடித்ததும் டொரீன் மூலையிலிருந்த பெரிய ஃப்ரீஸரைத் திறந்து, மான்கறிப் பொட்டலங்களை ஒதுக்கி, அடியிலிருந்து கால் சுவிட்சை எடுத்தாள். உறைபனி படிந்திருந்தது.

"சரி, அப்ப கெட்டில்?" என்று கேட்டாள்.

டெல்மர் சுவிட்சுக்கு நீட்டின கையை மடக்கிக்கொண்டார். "அது நான்தான் மறந்தேன்."

 டொரீன் ஏப்ரனால் பனியைத் துடைத்து, சுவிட்சை அவர் கையில் வைத்தாள்.

"வியாழக்கிழமை டாக்டரைப் பாக்கத்தான் போறோம்," என்றாள்.

"போகலாம்," என்றார் டெல்மர்.

மார்லிஸ் வாசற்படியில் நின்றிருந்தாள். இப்போது கைகள் இரண்டும் வெளியே, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

"டொரீன், அந்த டாக்டர் கையையும் பாப்பாரா?"

"கேட்டுடலாம்," என்றாள் டொரீன். "பின் சீட்டுல இடம் இருக்கு. ஒன்பதரைக்குத் தயாரா இரு."